மலையேறும் சைக்கிளும் கியர் மாற்றும் விரலும்

மலைப்பாதையில் சைக்கிள் மிதித்து ஏறியவர்கள் எல்லோரும் அறிந்த ஒரு கணம் உண்டு. சமவெளியில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த கால்கள் முதல் வளைவு திரும்பியதும் கனக்கின்றன. இரண்டாம் வளைவில் மூச்சு இரைக்கிறது. மூன்றாம் வளைவில், இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாமா என்னும் எண்ணம் தலைகாட்டுகிறது. அந்தக் கணத்தில் வலக்கைக் கட்டைவிரல் ஒரு சிறு நெம்புகோலை அழுத்துகிறது. ‘டக்’ என்று ஓர் ஓசை. சங்கிலி ஒரு பற்சக்கரத்தை விட்டு, அதைவிடப் பெரிய மற்றொன்றின்மேல் ஏறிக்கொள்கிறது. மலை இருந்த இடத்திலேயே, இருந்த உயரத்திலேயே இருக்கிறது; ஆயினும் கால்களுக்கு அது சற்றே தாழ்ந்து கொடுத்ததுபோல் தோன்றுகிறது.

அந்தச் சிறு நெம்புகோலின் வரலாற்றையே இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர்கள் அதை ‘ஷிப்டர்’ என்பர். நாம் கியர் மாற்றி என்று சொல்வோம். “மலைச் சைக்கிள் ஒன்று வாங்க விரும்புகிறேன், எந்தக் கியர் மாற்றி எளிது? அதை எப்படிப் பேணுவது?” என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்லிவிடலாம். ஆனால், ஒரு கருவி ஏன் இந்த வடிவத்தை அடைந்தது என்பதை அறிந்தவனே அதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பான். சரியாகப் பேணவும் செய்வான். ஆகவே வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

மனிதனின் கால் ஒரு விந்தையான இயந்திரம். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. மிக மெதுவாகவும் மிகுந்த பளுவோடும் மிதிக்க நேர்ந்தால் முழங்கால் நோகும். மிக விரைவாகச் சுழற்ற நேர்ந்தால் மூச்சு வாங்கும். நடுவிலே ஒரு தாளத்தில் அது மணிக்கணக்காக உழைக்கும். ஆனால் சாலையோ கால்களின் தாளத்தைக் கேட்டு அமைந்ததன்று. அது ஏறுகிறது, இறங்குகிறது. எதிர்காற்று வேறு வந்து மோதுகிறது. மாறாத காலுக்கும் மாறிக்கொண்டேயிருக்கும் சாலைக்கும் இடையே ஒரு சமரசம் செய்துவைப்பதே கியரின் வேலை.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்குப் பெடல் இல்லை. தரையைக் காலால் உந்தியே செல்லவேண்டும். 1860-களில் பாரிஸ் நகரத்தார் முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்தினர். அதில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். விரைவு வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். அதனால் முன்சக்கரம் வளர்ந்து வளர்ந்து மனிதனின் மார்பளவு உயர்ந்தது. கால் எட்டும் வரையில்தான் சக்கரம் வளரமுடியும். நெட்டைக் காலர் விரைந்தார், குட்டைக் காலர் பின்தங்கினார். 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒத்த அளவுள்ள சக்கரங்கள்; பெடலிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு சங்கிலி. இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் நேர் மூதாதை அதுவே.

சங்கிலி வந்ததும் ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. பெடலருகே 32 பற்களுள்ள சக்கரமும் பின்னால் 16 பற்களுள்ள சக்கரமும் இருந்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றும். 26 அங்குலச் சக்கரமாயின் வண்டி ஏறக்குறைய நான்கு மீட்டர் முன்னேறும். பின்னாலும் 32 பற்களே இருந்தால் பின்சக்கரம் ஒரு சுற்றே சுற்றும்; வண்டி இரண்டு மீட்டரே செல்லும். ஆனால் மிதிப்பதற்குப் பாதி அழுத்தமே போதும். தூரத்தைக் கொடுத்து வலிமையை வாங்குகிறோம். இதில் இலவசம் என்று ஒன்றுமில்லை. பண்டமாற்று மட்டுமே உண்டு. அந்தப் பண்டமாற்றை ஓடும் வண்டியிலேயே எப்படிச் செய்வது என்பதுதான் அடுத்து எழுந்த கேள்வி.

இங்கிலாந்து இதற்கு ஒரு விடை கண்டது. நாட்டிங்காம் நகரில் 1902-ஐ ஒட்டி உருவான ஸ்டர்மி ஆர்ச்சர் என்னும் மூன்று வேகப் பொறி, பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே பற்சக்கரங்களை ஒளித்துவைத்தது. நடுவே ஒரு சக்கரம் கதிரவனைப்போல் நிற்க, அதைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் கோள்களைப்போல் வலம் வரும். அதனை இயக்கக் கைப்பிடியிலிருந்து ஒரு கம்பி சென்றது. உறைக்குள் நழுவிச் செல்லும் இத்தகைய கம்பிக்கு 1896-இல் காப்புரிமை கேட்டவர் எர்னஸ்ட் மானிங்டன் பவ்டன் என்பவர். இன்றளவும் அதற்குப் ‘பவ்டன் கம்பி’ என்றே பெயர். இந்தக் கம்பியை நினைவில் வையுங்கள். நம் கதையின் முடிவில் அது மீண்டும் வரும்.

பிரான்ஸ் வேறொரு விடையைத் தேடியது. அங்கே இந்தப் பொருள் பொறியியலோடு நிற்கவில்லை. ஓர் அறநெறி வழக்காகவே மாறியது. செயின்ட் எத்தியென் நகரில் பால் த விவி என்றொருவர் வாழ்ந்தார். ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில் எழுதியவர். 1887 முதல் சைக்கிளுக்கென்றே ஓர் இதழ் நடத்தியவர். அவர் நகரை ஒட்டியே, ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஒரு மலைக்கணவாய் உண்டு. அதில் ஏறி ஏறி, ஒரே கியரோடு மலையேறுவது வீண் துன்பம் என்று அவர் தெளிந்தார். முதலில் இரண்டு பற்சக்கரங்கள் வைத்துச் சங்கிலியைக் கையாலேயே தூக்கி மாற்றினார். பின்னர், சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி ஒரு பல்லிலிருந்து மறு பல்லுக்கு மாற்றும் பொறிகளை ஆதரித்து ஓயாமல் எழுதினார். அந்தப் பொறிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘டிரெய்லர்’ என்று பெயர். தடம்புரளச் செய்வது என்பது பொருள். ரயில் தடம்புரண்டால் விபத்து. சங்கிலி தடம்புரண்டால் வசதி!

எதிர்ப்பக்கத்தில் நின்றவர் சாமானியர் அல்லர். அவர் ஆன்றி டெக்ராஞ்ச். 1903-இல் பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் மாபெரும் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கியவர். வேகம் மாற்றும் பொறிகள் நாற்பத்தைந்து வயது கடந்தவர்களுக்கே உரியவை என்பது அவர் கருத்து. வெற்றி தசையால் வரவேண்டுமே அன்றிப் பொறியின் தந்திரத்தால் வரலாகாது என்று அவர் வாதிட்டார். அதனால் அவருடைய பந்தய வீரர்கள் மலையடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தையே கழற்றி, மறுபக்கம் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். ஒரு பக்கத்தில் சிறிய பற்சக்கரமும் மறுபக்கத்தில் பெரியதும் இருக்கும். வெலோசியோ 1930-இல் மறைந்தார். பந்தயத்தில் டிரெய்லர் அனுமதிக்கப்பட்டது 1937-இல்தான். தம் கருத்தின் வெற்றியைக் காண அவர் இருக்கவில்லை.

மாணவர்களே, இந்த வழக்கைப் பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஏற்றத்தில் கியரைக் குறைத்தால் தோழர்கள் எள்ளுவார்களோ என்று அஞ்சி, முகம் சிவக்க மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்ளும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். டெக்ராஞ்சின் குரல் இன்னும் அவர்கள் காதில் ஒலிக்கிறது. ஆனால் எண்ணிப் பாருங்கள். கியர் நமக்காக ஒரு சுற்றுக்கூட மிதிப்பதில்லை. மலையின் உச்சிக்கு நம் உடலைத் தூக்கிச் செல்லும் உழைப்பு முழுவதும் நம்முடையதே. அந்த உழைப்பைக் கால் தாங்கும் அளவில் பகிர்ந்து செலவிடக் கியர் வழிசெய்கிறது, அவ்வளவே. படிக்கட்டு ஏறுபவனைப் பார்த்து, சுவரேறத் தெரியாதவன் என்று யாரும் நகைப்பதில்லை.

பொறி கிடைத்துவிட்டது, அதை இயக்கும் கை என்ன பாடுபட்டது? 1940-களில் இத்தாலியின் காம்பஞோலோ நிறுவனம் செய்த ‘காம்பியோ கோர்சா’ என்னும் அமைப்பைப் பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் இரண்டு நீண்ட தண்டுகள். ஓடும் வண்டியில் கையைப் பின்னால் நீட்டி ஒரு தண்டைத் திருப்பிப் பின்சக்கரத்தின் அச்சைத் தளர்த்தவேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றியபடி மறு தண்டால் சங்கிலியைத் தள்ளவேண்டும். பிறகு அச்சை மீண்டும் இறுக்கவேண்டும். மலைப்பாதையில் ஒற்றைக் கையோடு இதைச் செய்தவர்களை வீரர்கள் என்றே சொல்லவேண்டும். 1950-ஐ ஒட்டி அதே நிறுவனம், கம்பியால் இயங்கும் இணைகர அமைப்புள்ள டிரெய்லரை வெளியிட்டது. கை பின்னால் போகவேண்டியதில்லை. பிரேமின் சாய்ந்த குழாயிலுள்ள சிறு லீவரைத் தொட்டால் போதும்.

அந்த லீவரில் ‘டக்’ என்னும் ஓசை கிடையாது. உராய்வு ஒன்றே அதை நிறுத்திய இடத்தில் நிறுத்திவைத்தது. எவ்வளவு தள்ளவேண்டும் என்பதைக் காதும் விரலும் பழகித் தெரிந்துகொள்ளவேண்டும். வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோலக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, சங்கிலியின் முணுமுணுப்பு அடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். பழகியவருக்கு அது இனிது. புதியவருக்கு அது பெருந்தொல்லை.

இனிக் கதை அட்லாண்டிக் கடலைத் தாண்டுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் என்னும் மலைநாட்டில், 1970-களில் சில இளைஞர்கள் பழஞ்சரக்கான தடித்த டயர்ச் சைக்கிள்களைத் தேடி எடுத்து, மலைச்சரிவுகளில் மண்பாதை வழியே பாய்ந்து இறங்கி விளையாடினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பேர்பாக்ஸ் ஊருக்கு அருகில் அவர்கள் முதல் பந்தயம் வைத்தனர். சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். பின்குடத்திலுள்ள பிரேக் சூடேறி, உள்ளேயிருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் கிரீஸை மீண்டும் அடைக்கவேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’, அதாவது மீண்டும் அடைத்தல், என்று பெயர் வந்தது.

இறங்கும்போது ஆனந்தம், ஏறும்போது? கியர் இல்லாத அந்தக் கனத்த வண்டிகளைத் தள்ளிக்கொண்டோ, லாரியில் ஏற்றிக்கொண்டோதான் உச்சிக்குக் கொண்டுபோகவேண்டும். கேரி பிஷர் முதலிய சிலர் பழைய பிரேமில் டிரெய்லரைப் பொருத்தினர். இப்போது அவர்கள் மிதித்தே ஏறினர். ஆனால் ஒரு புதிய இடர். கரடுமுரடான பாதையில் கையைச் சாய்ந்த குழாய்க்குக் கொண்டுபோனால் வண்டி கவிழும். இரண்டு கைகளும் கைப்பிடியை விட்டு அகலாமலே கியர் மாறவேண்டும். அதற்கு விடையாகக் கட்டைவிரல் லீவர் கைப்பிடியின்மேல் வந்து அமர்ந்தது. மலைச் சைக்கிளின் கியர் மாற்றி இப்படித்தான் தன் இடத்தைப் பிடித்தது. கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்ற நியாயமான அச்சமே அதற்குத் தாய்.

1977-இல் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே புதிதாக ஒரு சைக்கிளை வடித்தார். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. 1981-இல் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்னும் மலைச் சைக்கிள் தொழிற்சாலைச் சரக்காகவே கடைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் இடம்பெற்றது. இருபதே ஆண்டுகளில் ஒரு விளையாட்டு, ஒரு மண்சரிவிலிருந்து உலக அரங்குக்கு ஏறியது.

அந்த ஏற்றத்துக்குத் தோள்கொடுத்தவர்கள் ஜப்பானியர். 1964-ஆம் ஆண்டிலேயே சன்டூர் நிறுவனத்தார், டிரெய்லரின் இணைகரத்தைச் சாய்த்து அமைத்தால் அது பற்சக்கரங்களின் சரிவை ஒட்டியே நகரும் என்று கண்டுகொண்டனர். சங்கிலியை வழிகாட்டும் சிறு உருளை எல்லாப் பற்சக்கரங்களுக்கும் ஒரே நெருக்கத்தில் நின்றது. காப்புரிமை இருந்தவரை அந்த நன்மை அவர்களுடையதாகவே இருந்தது. அது 1984-இல் காலாவதியாயிற்று. சக்காய் நகரில் 1921-இல் தொடங்கப்பெற்ற ஷிமானோ நிறுவனம் உடனே அந்தச் சாய்வை ஏற்று, அதனோடு படிமுறை லீவரை இணைத்தது. ஒரு ‘டக்’குக்கு ஒரு பல். லீவர், கம்பி, உறை, டிரெய்லர், பற்சக்கரம், சங்கிலி ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்டன. படிமுறையைப் பிறரும் முன்பு முயன்றதுண்டு. எல்லா உறுப்புகளும் ஒரே கணக்கில் அமைந்ததே இம்முறை வெற்றிக்குக் காரணம். 1984-இல் பந்தயச் சைக்கிளுக்கு வந்த அது, 1987-இல் மலைச் சைக்கிளின் கட்டைவிரல் லீவருக்கும் வந்தது. அந்த லீவரில் ஒரு நுட்பம் இருந்தது. படிமுறை சரியாக வேலைசெய்யாவிட்டால் ஒரு வளையத்தைத் திருப்பிப் பழைய உராய்வு முறைக்கே போய்விடலாம். செய்தவர்களே தங்கள் புதுமையை முழுதும் நம்பாமல், பயணிக்கு ஒரு திரும்பும் வழியை வைத்திருந்தனர்!

1990-ஐ ஒட்டிக் கைப்பிடியின் அடியில் இரண்டு பொத்தான் போன்ற லீவர்கள் வந்தன. தொடக்கத்தில் இரண்டையும் கட்டைவிரலே அழுத்தவேண்டியிருந்தது; எது ஏற்றும், எது இறக்கும் என்று பலர் குழம்பினர். சில ஆண்டுகளுக்குள் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் மற்றொன்றைச் சுட்டுவிரலுக்கும் பகிர்ந்தளித்தனர். அதே காலத்தில் வேறொரு வழி அமெரிக்காவில் பிறந்தது. சிக்காகோவில் 1987-இல் தொடங்கிய ஸ்ராம் நிறுவனம், கைப்பிடியையே முறுக்கிக் கியர் மாற்றும் ‘கிரிப் ஷிப்ட்’ என்னும் அமைப்பை 1988-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது மலைச் சைக்கிளுக்கும் பரவியது. இவ்விரு வடிவங்களுமே இன்றும் கடையில் நம் முன் நிற்கின்றன.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவான மாற்றங்கள். முன்னால் மூன்று பற்சக்கரங்கள், பின்னால் ஏழு, எட்டு, ஒன்பது என்று பெருகின. 2012-இல் ஸ்ராம் முன்னால் ஒன்றும் பின்னால் பதினொன்றுமாக மலைச் சைக்கிளுக்கு ஒரு தொகுதி செய்தது; இடக்கை மாற்றிக்கே வேலையில்லாமல் போயிற்று. 2016-இல் பின்னால் பன்னிரண்டு ஆயின. 2014-இல் ஷிமானோ மலைச் சைக்கிளுக்கு மின்சாரக் கியர் மாற்றியை அறிவித்தது. 2019-இல் ஸ்ராம் கம்பியே இல்லாத வானொலி அலை மாற்றியைக் கொண்டுவந்தது. நீங்கள் இந்தப் பேச்சைக் கேட்பதும் வானொலி அலையால்தான். மலையில் சங்கிலி மாறுவதும் இப்போது அதே இனத்து அலையால்தான்.

இவ்வரலாற்றில் ஓர் இழையைக் கவனித்தீர்களா? விரலுக்கு எளிதாக எளிதாக, கருவியின் உள்ளமைப்பு கடினமாகிக்கொண்டே வந்திருக்கிறது. பழைய உராய்வு லீவரை ஒரு திருகாணியைக் கழற்றிப் பிரித்துவிடலாம். இன்றைய விசை மாற்றியினுள்ளே சிறு சிறு பற்களும் சுருள்வில்களும் நெருங்கிக் கிடக்கின்றன. மின்மாற்றிக்கு மின்கலம் வேண்டும். ஓட்டுவதற்கு எளிமை, பழுதுபார்ப்பதற்கு எளிமை என்று எளிமை இருவகைப்படும். முதலாவதை மட்டும் பார்த்து வாங்குபவன் இரண்டாவதற்கு ஒருநாள் நடுக்காட்டில் நின்று விலை கொடுப்பான்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில், உங்கள் வண்டியின் பின்னால் எத்தனை பற்சக்கரங்கள் என்று எண்ணுங்கள். டிரெய்லர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள். ஒரு ‘டக்’குக்கு எவ்வளவு கம்பி இழுக்கவேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, ஒரே நிறுவனத்தின் ஒன்பதுக்கும் பத்துக்கும்கூட வேறாக இருப்பதுண்டு. பொருந்தாத மாற்றி, எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், பிறர் அளவுக்குத் தைத்த சட்டைதான். இரண்டாவதாக, கடையிலேயே கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். பிடியைத் தளர்த்தாமல் கட்டைவிரல் லீவரை எட்டவேண்டும். இரண்டு விரல்கள் பிரேக்கின்மேல் இருக்கவேண்டும். சிறிய கையுடையவர்கள் மாற்றியின் பிடிப்பட்டையைத் தளர்த்திச் சற்று உள்ளேயோ வெளியேயோ நகர்த்தி, சாய்வையும் திருத்திக்கொள்ளலாம்.

முறுக்குப் பிடிக்கு உறுப்புகள் குறைவு. ஒரே அசைவில் பல கியர்களைக் கடந்துவிடலாம். கட்டைவிரல் மூட்டு வலுவில்லாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அது நல்லது. ஆனால் குலுக்கும் இறக்கத்தில் கைப்பிடியை இறுகப் பற்றும்போது தெரியாமல் கியர் மாறிவிடக்கூடும். வியர்த்த கையில் வழுக்கவும் செய்யும். விசை லீவரில் அந்தப் பயம் இல்லை. என் கருத்தைக் கேட்டால், முதன்முதலாக மலைச் சைக்கிள் வாங்கும் மாணவனுக்கு, முன்னால் ஒரு பற்சக்கரமும் பின்னால் எட்டு அல்லது ஒன்பதும் உள்ள, கம்பியால் இயங்கும் விசை லீவரே ஏற்றது என்பேன். எட்டு அடுக்கில் ஒரு பற்சக்கரத்தின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு; பன்னிரண்டு அடுக்கில் அது 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. இடைவெளி குறுகக் குறுகச் சிறு பிழையும் பொறுக்கப்படாது. தொடக்கக்காரனுக்குப் பிழை பொறுக்கும் கருவியே ஆசான்.

இனிப் பேணுதல். இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கடையில் என் சைக்கிளின் கியர்க் கம்பியையும் உறையையும் புதிதாக மாற்றிக்கொண்டு ஏற்காட்டு மலைச்சாலையில் ஏறினேன். நேர்ச்சாலையில் எல்லாம் சரியாக இருந்தது. கொண்டை ஊசி வளைவில் கைப்பிடியைத் திருப்பியதும், நான் தொடாமலே சங்கிலி தாவியது. கால் வெறுமனே சறுக்க, எதிரே வந்த பேருந்துக்கு முன்னால் நான் தடுமாறி நின்றேன். திரும்பிவந்து கடையில் சொன்னபோது கம்பியை இன்னும் இறுக்கினார்கள். அடுத்த முறையும் அதே கதை. பின்னர், எங்கள் தெருவில் வெகுகாலமாகச் சைக்கிள் பழுதுபார்த்துவரும் பெரியவர் ஒருவர், அந்த உறையின் முனையை வெட்டி என் கண்முன் நீட்டினார். “தம்பி, இது பிரேக் உறை” என்றார்.

பிரேக் உறையினுள்ளே தட்டையான எஃகுக் கம்பி ஸ்பிரிங்கைப்போல் சுருண்டிருக்கிறது. அது வளையும்போது அதன் வழியின் நீளம் சற்று மாறும். அழுத்தத்தில் சிறிது சுருங்கும். பிரேக்குக்கு அந்தச் சிறு வேறுபாடு பொருட்டன்று. மில்லிமீட்டர்க் கணக்கில் நடக்கும் படிமுறைக் கியருக்கோ அது பெரும்பிழை. ஆகவே கியர் உறையில் மெல்லிய கம்பிகள் பல நெடுக்காகவே ஓடுகின்றன. வளைந்தாலும் நீளம் ஏறக்குறைய மாறாது. அதற்காகக் கியர் உறையைப் பிரேக்கில் மாட்டிவிடாதீர்கள்! பிரேக்கின் பேரழுத்தத்தில் அந்த நெடுக்குக் கம்பிகள் விலகி உறை வெடிக்கக்கூடும். அது உயிருக்கே உலை. ஒரு சாண் உறையின் உள்ளே இருப்பது இன்னதென்று அறியாததால் ஒரு பேருந்தின் சக்கரத்துக்கு அருகில் போய் நின்றேன். அன்று முதல், என் வண்டியில் நான் பெயரும் வேலையும் அறியாத உறுப்பு ஒன்றும் இருக்கலாகாது என்று உறுதிகொண்டேன்.

கியர் மாற்றம் கெட்டால் பெரும்பாலும் குற்றவாளி மாற்றி அன்று, கம்பிதான். தூசியும் மழைநீரும் உறைக்குள் புகுந்து கம்பி சிக்கும். அதைத் துடைக்க ஓர் எளிய வழி உண்டு. பின்சக்கரத்தைத் தூக்கி மிதித்துச் சங்கிலியைப் பெரிய பற்சக்கரத்துக்கு ஏற்றுங்கள். பிறகு பெடலைச் சுற்றாமலே, மாற்றியை மட்டும் சிறிய பற்சக்கரத்துக்குரிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கம்பி தளர்ந்து தொங்கும். பிரேமிலுள்ள தாங்கிகள் பிளவுள்ளவையாயின் உறைகளைக் கழற்றி நகர்த்திக் கம்பியைத் துடைக்கலாம். இழை பிரிந்திருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். அறுந்த இழை மாற்றியினுள் சிக்கினால் வேலை இருமடங்கு. கம்பியின் நுனியில் சிறு தொப்பி மாட்டிவிடுங்கள்.

கம்பி சுத்தமாக இருந்தும் சங்கிலி பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால், உறையின் முனையிலுள்ள திருகு உருளையை வெளியே வருமாறு கால் சுற்றுத் திருப்புங்கள், கம்பி இறுகும். சிறிய பல்லுக்கு இறங்கத் தயங்கினால் உள்ளே திருப்புங்கள். ஒருமுறை திருப்பியதும் மிதித்துப் பார்க்கவேண்டும், அவசரம் கூடாது. டிரெய்லரிலுள்ள இரண்டு எல்லைத் திருகுகள், சங்கிலி ஸ்போக்ஸுக்குள்ளோ வெளியேயோ விழாமல் காக்கும் வேலிகள். படிமுறை பிசகும்போது அவற்றைத் தொடுவது வீண். வண்டி வலப்பக்கமாக விழுந்த பிறகு கியர் கெட்டால், டிரெய்லர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெகுநாள் ஓடாத விசை மாற்றியில் லீவரை அழுத்தினால் சில வேளை ‘டக்’ என்னும் ஓசையே வராது. உள்ளே பழைய கிரீஸ் பசைபோல் உறைந்து, பற்களைப் பற்றவேண்டிய சிறு கொக்கிகளை ஒட்டிவைத்திருக்கும். புதியது வாங்க ஓடவேண்டாம். மூடியைத் திறந்து, மெல்லிய எண்ணெயைச் செலுத்திப் பல முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஆனால் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் கொட்டிவிடாதீர்கள். அவற்றைத் திரும்ப அடுக்குவது நம்மால் ஆகாது. முறுக்குப் பிடியைப் பிரித்துத் துடைத்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிக்கோன் கிரீஸை மெல்லப் பூசலாம்.

சங்கிலியையும் மறவாதீர்கள். அதன் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் இடையே அரை அங்குலம். புதுச் சங்கிலியில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வரும். அது 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆகிவிட்டால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். காலத்தில் மாற்றாவிட்டால் தேய்ந்த சங்கிலி பற்சக்கரங்களையும் தன்னோடு தேய்த்துவிடும். ஓட்டும்போதும் ஒரு நெறி உண்டு. ஏற்றம் தொடங்கிய பின் அன்று, தொடங்குமுன் கியரை மாற்றுங்கள்; மாறும் அந்தக் கணத்தில் காலின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். முழுப் பளுவோடு மாற்றினால் ஓசை எழுப்பி முறையிடுவது சங்கிலி. அதன் செலவைத் தாங்குவது நம் பை.

நேயர்களே, டெக்ராஞ்சும் வெலோசியோவும் தொடங்கிய வழக்குக்குத் தீர்ப்பு 1937-இல் எழுதப்பட்டுவிட்டது. கருவியின் துணை இழிவன்று. எனினும், டெக்ராஞ்சின் சொல்லில் ஓர் எச்சரிக்கை மிச்சமிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கருவி நம் காலை மெலிவிக்கவில்லை. கவனியாமல் விட்டால் அது நம் அறிவை மெலிவிக்கக்கூடும். விரல் அழுத்தியதும் சங்கிலி ஏன் மாறுகிறது என்பதை அறிந்தவனுக்குக் கருவி தோழன். அறியாதவனுக்கு அது, நடுவழியில் கைவிடக்கூடிய கூலியாள். அடுத்த விடுமுறையில் உங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, ஒவ்வொரு ‘டக்’குக்கும் எது எங்கே அசைகிறது என்று ஒரு மணி நேரம் பாருங்கள். அதற்குக் காசும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம். பிறகு மலைக்குப் போங்கள்.